இடது பக்க கரகரப்பு, நாலு நாள் போச்சு

பாளையங்கோட்டை வீட்ல 4440 ஐசி (சத்தத்தப் பெருக்குற சிப்பு) போர்டு போட்ட ஆம்ப்ளிஃபயர், ஆன் பண்ணி இருவது நிமிஷம் கழிச்சு இடது பக்கம் மட்டும் கரகரன்னு எரையும், மேல ஒரு தட்டு தட்டுனா நின்னுரும். ஸ்பீக்கர இடம் மாத்தி மாட்டுனேன், வயர மாத்துனேன், வால்யூம் கன்ட்ரோலுக்கு ஸ்ப்ரே அடிச்சேன், ஒண்ணும் வேலைக்காவல. கடை அண்ணாச்சி ஐசியவே மாத்திருங்கன்னு சொன்னாவ.

அப்புறந்தான் கவனிச்சேன், வால்யூம பூஜ்யத்துல வச்சாலும் கரகரப்பு அதே அளவுதான், அப்ப கோளாறு வால்யூமுக்குப் பொறத்தாலதான இருக்கணும், அதோட ஃபேன் காத்து பட்டா அடங்குது வேற. சூடா இருக்கும்போதே ஐஸ் குச்சியால போர்டுல உள்ள பார்ட்ஸோட ஒவ்வொரு காலா லேசா அமுக்குனேன் (கம்பிய உள்ள விட்டுராதீய). ஐசியோட ஒரு கால்ல, சால்டர்ல (ஈயப் பத்துல) மயிரிழை கணக்கா வட்டமா விரிசல், லென்ஸ வச்சு போர்ட சாய்ச்சுப் பாத்தாதான் தெரியுது. பழைய ஈயத்த உறிஞ்சி எடுத்துட்டு புதுசா வச்சேன். மூணு வாரமாச்சு, சத்தமில்ல.