பிளஸ் டூ முடித்து மலை இறங்கும் முன்

கொடைக்கானல் மேல்மலையில் வளரும் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். பூம்பாறையோ மன்னவனூரோ கவுஞ்சியோ, எந்த ஊராக இருந்தாலும் பிளஸ் டூ முடிந்ததும் உங்களில் நிறையப் பேர் திண்டுக்கல், மதுரை, கோயம்புத்தூர் என்று ஹாஸ்டலுக்குப் போகப்போகிறீர்கள், அப்புறம் பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வந்துபோகிற விருந்தாளிதான். இப்போது பத்தாவது என்றால் வீட்டோடு இருக்க மிச்சம் இரண்டு, மூன்று வருஷம். அதனால்தான் வீட்டில் அப்பா அம்மா, தாத்தா பாட்டியோடு மனசுவிட்டுப் பேசுவதை இப்போதே ஆரம்பியுங்கள் என்கிறேன்.

சரி, எப்படி ஆரம்பிப்பது? "எல்லாரும் உட்கார்ந்து பேசலாம் வாங்க" என்று கூப்பிடாதீர்கள், பேச்சே வராது. நடக்கிற வேலையில் போய் உட்காருங்கள். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மலைப்பூண்டு இருக்கிறதே, அதைத் தாளோடு கட்டுக் கட்டாகக் கட்டி, புகை படுகிற மாதிரி மேலே தொங்கவிடுவோம். அந்த வேலைக்கு என் அப்பத்தா பக்கத்தில் ஒருநாள் உட்கார்ந்தேன். வேரில் ஒட்டிய மண்ணைக் கட்டைவிரலால் தேய்த்து உதிர்த்துக்கொண்டே, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த முதல் குளிரில் ராத்திரியெல்லாம் அழுததைச் சொன்னார். அதுவரை வீட்டில் யாருக்கும் சொல்லாதது. நான் வேலையை விட்டு நிமிர்ந்து பார்த்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

கேள்வியும் சின்னதாக இருக்கட்டும். "அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "என்னத்தச் சொல்ல" என்றுதான் பதில் வரும். குறிஞ்சியை வைத்துக் கேளுங்கள். 12 வருஷத்துக்கு ஒருமுறை பூப்பது, 2018, 2006, 1994, 1982 என்று பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம். "1994-ல பூத்தப்போ நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்கப்பா?" அப்போது அவருக்கும் கிட்டத்தட்ட உங்கள் வயசுதான் இருந்திருக்கும், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுக் காட்டுக்குப் போன கதை ஏதாவது கட்டாயம் வரும். அடுத்தது 2030-இல். அதற்குள் நீங்கள் எந்த ஊரில் இருப்பீர்களோ.

அப்பாவோடு பேச்சுவார்த்தையே இல்லையா? மன்னிப்பெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கேரட் மூட்டை ஏற்றும்போது ஒரு முனையைப் பிடியுங்கள், அன்றைக்கு அது போதும். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பிள்ளை பக்கத்தில் வந்து நிற்கிற அந்த நேரத்தில் தயவுசெய்து மார்க் பேச்சை எடுக்காதீர்கள், மறுநாள் வரமாட்டான்.

நேரம்? சாயங்காலம்தான். இந்த வயசில் உடம்புக்குத் தூக்கம் வருகிற நேரமே தள்ளிப்போகிறது, சோம்பேறித்தனம் இல்லை, அதனால் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பிப் பாசம் வளர்க்க முடியாது. பனி இறங்கி எல்லோரும் அடுப்படியில் ஒதுங்கும்போது ஒரு மணி நேரம் போனை அலமாரியில் வைத்துவிடுங்கள். நாள் முழுக்க வேண்டாம், அது நடக்காது.

போன் ஒரே ஒரு விஷயத்துக்குத் தேவைப்படும். தாத்தா பாட்டி பேசுவதை ரெக்கார்ட் செய்துவையுங்கள், ஆனால் அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான். நான் கேட்டபோது அப்பத்தா முதலில் முந்தானையைச் சரிசெய்தார். குரல் மட்டும்தான் அப்பத்தா என்றேன், அப்படியும் தலையை வாரிவிட்டு வந்துதான் பேச உட்கார்ந்தார்.