புது போனா? முதலில் வீட்டு உள் அறையில் சிக்னலைப் பாருங்கள்

கடைக்குப் போனதும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பது. வாங்கி ஒரு மாதம் கழித்து வரும் புகார் வேறு: "உள் ரூமுக்குள் போனால் கால் கட் ஆகிறது", "சாயங்காலத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது". இரண்டுக்கும் பல நேரம் ஒரே காரணம்தான். டவர் எட்டாத இடத்தில் போன் தன் முழு பலத்தையும் போட்டு அலையை அனுப்புகிறது. பேட்டரி கரைகிறது, போன் சூடாகிறது. 5000 எம்ஏஎச் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அந்த வீட்டில் அது ஒரு நாள் நிற்காது. அதனால் நெட்வொர்க்கை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்குப் பொருந்தும் போனைப் பிறகு தேடலாம்.

சிக்னலை எண்ணாகப் பாருங்கள்

திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். எத்தனை சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபௌட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் 'சிக்னல் ஸ்ட்ரெங்த்' என்ற வரியில் மைனஸ் 97 டிபிஎம் என்பது போல ஓர் எண் இருக்கும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் ஃபீல்ட் டெஸ்ட் பக்கம் திறக்கும்.

மைனஸ் எண் என்பதால், குறியை விட்டுப் பார்த்தால் சிறிய எண்ணே நல்லது. 4ஜியில் மைனஸ் 90க்குள் இருந்தால் கவலையே இல்லை. 105 வரை சமாளிக்கும். 110ஐத் தாண்டினால் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். 115க்கு மேல் போனால் அந்த அறையில் அந்த நெட்வொர்க் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எண்ணில் 10 கூடினால் வந்து சேரும் சக்தி பத்தில் ஒரு பங்காகிறது. வாசலில் 88, படுக்கையறையில் 108 என்றால் நடுவில் இருக்கும் சுவர்கள் நூறில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடுகின்றன என்று அர்த்தம்.

அளக்க வேண்டிய இடங்கள் மூன்று: கட்டில் ஓரம், சமையலறை, வேலை செய்யும் இடம். கதவைச் சாத்தி, போனை ஒரு நிமிடம் அசையாமல் வைத்துவிட்டு எண்ணைப் பாருங்கள். மற்ற நெட்வொர்க்குகளுக்கு, வீட்டுக்கு வரும் சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் போனை வாங்கிப் பார்த்தாலே போதும். ஜியோ, ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் நான்கையும் ஒரே வாரத்தில் பார்த்துவிடலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் இந்த எண் சொல்லாது. சிக்னல் அருமையாக இருந்தும் நெட் நகராமல் இருக்கலாம். ஒரே டவரில் ஆள் கூட்டம் அதிகம் என்றால் அப்படித்தான் ஆகும். எல்லோரும் வீடியோ பார்க்கும் இரவு 9 மணிக்கு ஒரு ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பாருங்கள். காலை 6 மணிக்கு வரும் வேகம் எதற்கும் ஆகாது. சந்தேகம் தீரவில்லை என்றால் புது நெட்வொர்க்கின் சிம் ஒன்றை வாங்கி ஒரு மாதம் இரண்டாவது சிம்மாகப் போட்டுப் பாருங்கள். மாறிவிட்டு வருத்தப்படுவதைவிட அந்த ஒரு மாத ரீசார்ஜ் மலிவு.

வீட்டில் வைஃபை இருக்கிறதா? ஜியோவும் ஏர்டெல்லும் வைஃபை வழியாகவே சாதாரண கால் பேசும் வசதியைத் தருகின்றன. தனியாகக் காசு இல்லை. உள் அறைப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துபோகும் வீடுகள் பல. செட்டிங்ஸில் 'வைஃபை காலிங்' என்பதை ஆன் செய்யாமலே நெட்வொர்க்கைத் திட்டுபவர்கள்தான் அதிகம்.

பேண்ட்: யாரும் படிக்காத வரி

போனின் விவரப் பட்டியலில் அடியில் கிடக்கும் வரி இது. டவரும் போனும் பேசிக்கொள்ளும் அலைவரிசைக்கு வைத்த எண்தான் பேண்ட். அலைவரிசை குறைவாக இருந்தால் அலை தூரம் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும். அதிகமாக இருந்தால் வேகம் கிடைக்கும், ஆனால் கான்கிரீட் முன் தோற்கும். ஜியோவின் 4ஜி பேண்ட் 3, 5, 40 ஆகியவற்றில் ஓடுகிறது. இதில் 850 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் 5தான் வீட்டுக்குள் காப்பாற்றுவது. ஏர்டெல்லுக்கு 1, 3, 8, 40. அங்கே 900 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் 8 அந்த வேலையைச் செய்கிறது. பிஎஸ்என்எல் 4ஜிக்கு 700 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 28 முக்கியம். பிஎஸ்என்எல் சிம் போடப்போகிறீர்கள் என்றால் இந்த 28 இல்லாத பழைய மாடலை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் தொடாதீர்கள்.

5ஜியில் ஒரு சிக்கல் உண்டு. ஜியோ 5ஜி தனித்து ஓடும் முறை, அதை எஸ்ஏ என்பார்கள். ஏர்டெல் பெரும்பாலும் 4ஜியின் தோளில் ஏறி வரும் என்எஸ்ஏ முறையில் தொடங்கியது. விலை குறைந்த சில 5ஜி போன்கள் எஸ்ஏவை மட்டும்தான் ஏற்கும். அதில் என்எஸ்ஏ டவரின் சிம்மைப் போட்டால், பெட்டியில் 5ஜி என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும் திரையில் 4ஜிதான் வரும். விவரப் பட்டியலில் எஸ்ஏ, என்எஸ்ஏ இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 5ஜி பேண்டுகளில் என்78, என்28 இரண்டும் இருப்பது நல்லது. 5ஜிக்கு ஜியோ வாங்கி வைத்திருக்கும் 700 மெகாஹெர்ட்ஸ்தான் அந்த என்28.

வெளிநாட்டில் இருக்கும் மகனோ மருமகளோ போன் அனுப்பினால் மூன்றைக் கேளுங்கள். முதலாவது, அங்குள்ள நெட்வொர்க்குக்கு லாக் செய்த போனா? லாக் இருந்தால் இங்கே எந்த சிம்மும் எடுக்காது. இரண்டாவது, சிம் போட இடம் இருக்கிறதா? அமெரிக்காவில் விற்கும் ஐபோன் 14லிருந்து சிம் டிரே கிடையாது, இ-சிம் மட்டும்தான். மூன்றாவது, நம் நெட்வொர்க்கில் வோல்டி, அதாவது 4ஜி வழியாகவே கால் பேசும் வசதி, வேலை செய்கிறதா? ஜியோவுக்கு 2ஜி, 3ஜி இரண்டுமே இல்லை. வோல்டி வேலை செய்யாத போனில் நெட் ஓடும், கால் போகாது.

போனில் எதற்குக் காசு கொடுக்கலாம்

ஸ்டோரேஜுக்குக் கொடுக்கலாம். இப்போது 128 ஜிபிக்குக் கீழே இறங்க வேண்டாம். சிஸ்டமே 20 ஜிபி சுற்றி எடுத்துக்கொள்ளும், குடும்ப வாட்ஸ்அப் குரூப்புகள் மிச்சத்தை நிரப்பும். அளவைவிட வகை முக்கியம்: மெதுவான இஎம்எம்சி வகை என்று போட்டிருந்தால் விடுங்கள், வேகமான யுஎஃப்எஸ் வகையில் 2.2 அல்லது அதற்கு மேல் பாருங்கள். இரண்டாம் வருடத்தில் போன் ஹேங் ஆவதற்கு, மெதுவான ஸ்டோரேஜ் நிரம்பி வழிவது பெரிய காரணம். ரேம் 6 ஜிபி குறைந்தபட்சம், 8 நிம்மதி. "8+8, மொத்தம் 16 ஜிபி" என்று எழுதியிருந்தால் பின்னால் வரும் 8 உண்மையான ரேம் இல்லை, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தர வேண்டாம்.

அடுத்தது அப்டேட். எத்தனை வருடம் செக்யூரிட்டி அப்டேட் வரும் என்பதை, அந்த மாடல் வெளியான நாளிலிருந்து எண்ண வேண்டும். நீங்கள் வாங்கிய நாள் கணக்கில் வராது. நான்கு வருட அப்டேட் உள்ள மாடலை, வெளிவந்து இரண்டு வருடம் கழித்துத் தீபாவளி ஆஃபரில் வாங்கினால் மிச்சம் இரண்டுதான். கூகுள் பிக்சல் 8, சாம்சங் எஸ் 24 தொடங்கி அவற்றின் உயர்வரிசைகளுக்கு ஏழு வருடம் தருகிறார்கள். வங்கி ஆப் வைத்திருக்கும் போனுக்கு இது கேமராவைவிடப் பெரிய விஷயம்.

கேமராவில் மெகாபிக்சலை விட்டுவிட்டு, கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஓஐஎஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் எடுத்த படம் கலங்காமல் வருவது அதனால்தான். 2 மெகாபிக்சல் மேக்ரோ, டெப்த் எல்லாம் பின்பக்கத்தில் வட்டம் காட்டத்தான். இரண்டு சிம், மெமரி கார்டு மூன்றும் வேண்டும் என்பவர்கள் டிரேயைக் கேளுங்கள். ஹைபிரிட் டிரே என்றால் இரண்டாவது சிம்முக்கும் கார்டுக்கும் ஒரே இடம்தான்.

உங்கள் ஊரில், இல்லையென்றால் பக்கத்து மாவட்டத் தலைநகரில், அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா? மூன்றாம் வருடம் பேட்டரி மாற்ற மதுரைக்கோ கோவைக்கோ பஸ் ஏற வேண்டிய நிலை வரக்கூடாது.

விலையில் 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்பதை நிதானமாகப் படியுங்கள். வட்டியைத் தள்ளுபடியாக விலையில் கழித்துவிடுவார்கள், உண்மைதான். ஆனால் அந்த வட்டி மீது 18 சதவீத ஜிஎஸ்டியும், வங்கியின் பிராசசிங் கட்டணமும் உங்கள் பில்லில் வந்து சேரும். மொத்தக் காசும் கையில் இருந்தால் கடைக்காரரிடம் ரொக்க விலையைக் கேட்டுவிட்டுத்தான் ஆன்லைன் விலையோடு ஒப்பிட வேண்டும்.

கடையில், கவுன்டரை விட்டு நகரும் முன்

*#06# டயல் செய்யுங்கள். திரையில் வரும் 15 இலக்க ஐஎம்இஐ (போனின் அடையாள எண்), பெட்டி ஸ்டிக்கரில் இருப்பது, பில்லில் அடித்திருப்பது மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பில்லில் எழுதாமல் கொடுத்தால் எழுதி வாங்குங்கள். போன் தொலைந்தால் முடக்கச் சொல்லவும், வாரண்டிக்கும் அந்த எண்தான் ஆதாரம். பழைய போன் வாங்குபவர்கள் கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு ஐஎம்இஐயைச் சேர்த்து 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அது முடக்கப்பட்ட போனா என்பது தெரிந்துவிடும். காசு கைமாறும் முன் இதைச் செய்ய வேண்டும்.

பிறகு சிம்மைப் போட்டு ஒரு கால். பேசும்போது காதருகே கொண்டுபோனால் திரை அணைகிறதா, ஸ்பீக்கரில் எதிராளிக்கு உங்கள் குரல் கேட்கிறதா என்று பாருங்கள். வெள்ளைப் படம் ஒன்றைத் திறந்து திரை முழுக்கப் புள்ளி, கோடு தேடுங்கள். ஆன்லைனில் வாங்கினால் முகவரி ஸ்டிக்கரில் தொடங்கி போன் ஆன் ஆகும் வரை நிறுத்தாமல் ஒரே வீடியோ எடுங்கள். நடுவில் வெட்டிய வீடியோவை யாரும் ஏற்பதில்லை. கடையோ தளமோ கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நம்பரை மாற்றாமல் நெட்வொர்க் மாறுவது

போர்ட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எட்டு எழுத்துள்ள யுபிசி, அதாவது நெட்வொர்க் மாறுவதற்கான அனுமதிக் குறியீடு, வரும். அது நான்கு நாள் செல்லும். அதையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு புது நெட்வொர்க்கின் கடைக்குப் போனால் சிம் கொடுப்பார்கள். தமிழ்நாட்டுக்குள்ளேயே மாறினால் மூன்று வேலை நாள், வேறு மாநில வட்டத்து எண் என்றால் ஐந்து. பழைய சிம்மில் சிக்னல் போனதும் புதியதைப் போட வேண்டும். இடையில் சில மணி நேரம் எதுவும் வேலை செய்யாது.

யுபிசி வராமல் போக முக்கியமாக நான்கு காரணங்கள் உண்டு. இப்போதைய நெட்வொர்க்குக்கு வந்து 90 நாள் ஆகவில்லை. போஸ்ட்பெய்டு பில் பாக்கி. நம்பர் மீது வழக்கோ தடையோ இருக்கிறது. சிம் தொலைந்தோ கெட்டோ மாற்றி வாங்கி ஏழு நாள் ஆகவில்லை. இந்தக் கடைசி விதி 2024 ஜூலை 1 முதல் இருக்கிறது. திருட்டு சிம் மோசடியைத் தடுக்க வந்தது என்பதால் நமக்கு நல்லதே. ரீசார்ஜ் முடிந்த நம்பரிலிருந்தும் 1900க்கு எஸ்எம்எஸ் போகும். போகவிட வேண்டும் என்று 2021 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டிருக்கிறது.

பழைய ப்ரீபெய்டில் மிச்சமிருக்கும் பணமும் நாட்களும் கூட வராது. வருட பிளானைப் போட்டுவிட்டுப் போர்ட் செய்வது காசைக் கிணற்றில் போடுவது. புது நெட்வொர்க்கிலும் முதல் மூன்று மாதம் சிறிய பிளானே போதும். ஒத்துவந்தால் பிறகு வருடத்துக்குப் போங்கள். பிளானை ஒப்பிடும்போது விலையை நாளால் வகுங்கள். 28 நாள் பிளான் என்றால் வருடத்துக்கு 12 இல்லை, 13 ரீசார்ஜ். 299 ரூபாய்க்கு 28 நாள் என்றால் நாளுக்கு 10 ரூபாய் 68 காசு, வருடத்துக்கு 3,887. வாட்ஸ்அப்கூட இல்லாத பெற்றோரின் பட்டன் போனுக்கு டேட்டா பிளான் போடாதீர்கள். கால், எஸ்எம்எஸ் மட்டும் உள்ள பிளான் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் சொன்னது. ஆப்பில் கடைசியில் ஒளிந்திருக்கும், தேடி எடுங்கள்.

போன், நெட்வொர்க் இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு வரியை மட்டும் மனத்தில் வைப்பதென்றால் இந்தத் தலைப்பை வையுங்கள். புது போனில் யுபிஐ ஆப்பைத் திறந்தால் அது உங்கள் சிம்மிலிருந்து ஓர் எஸ்எம்எஸ் அனுப்பித்தான் உங்களை அடையாளம் காண்கிறது. சிம்மை மாற்றி வாங்கினாலோ 24 மணி நேரம் எஸ்எம்எஸ் போகவும் செய்யாது, வரவும் செய்யாது. ஓடிபி கிடையாது, யுபிஐ கிடையாது. புதிய போனில் முதல் நாள் பெரிய தொகை அனுப்பவும் பல வங்கிகள் விடுவதில்லை. ஸ்கூல் ஃபீஸ் கட்டும் வாரத்திலோ, ஊருக்குக் கிளம்பும் அன்றோ இதை வைத்துக்கொண்டால் திண்டாட வேண்டியதுதான். முதலில் போர்ட் முடியட்டும். இரண்டு மூன்று நாள் ஓடிபி ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போனை மாற்றுங்கள். கையில் ஆயிரம் இரண்டாயிரம் ரொக்கம் இருக்கட்டும்.

பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் முன் வாட்ஸ்அப்பில் கடைசி பேக்கப் எடுத்து, புது போனில் அது முழுதாக இறங்கியதைக் கண்ணால் பாருங்கள். லாகின் செய்யும்போது எண் தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப் இருந்தால் அதையும் புது போனுக்கு மாற்றுங்கள். பிறகு செட்டிங்ஸில் போய் கூகுள் கணக்கை நீக்கிவிட்டு, அதற்குப் பிறகே ஃபேக்டரி ரீசெட். கணக்கை நீக்காமல் ரிகவரி மெனு வழியாக அழித்தால் போன் பூட்டிக்கொண்டு பழைய பாஸ்வேர்டைக் கேட்கும். வாசலில் நிற்கும் டெலிவரிக்காரர் அந்தப் போனை வாங்கமாட்டார். சிம் டிரேயைக் கடைசியாக ஒருமுறை இழுத்துப் பாருங்கள், மெமரி கார்டு பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும்.