வருமான வரிச் சோதனை: இளம் ஆடிட்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஓர் இரவு, மணி பதினொன்றரை இருக்கும். திருப்பூரிலிருந்து ஒரு தம்பி அழைத்தார். ஆடிட்டர் தொழிலுக்கு வந்து நான்கு ஆண்டு ஆனவர். அவருடைய கட்சிக்காரர் பனியன் கம்பெனி நடத்துகிறார். வீட்டிலும் கம்பெனியிலும் இரண்டு நாளாகச் சோதனை. "அண்ணா, ஒன்றேகால் கோடியை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார். இப்போதைக்கு முடியட்டும், பிறகு மறுத்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன்" என்றார். குரலில் வேலை முடிந்த நிம்மதி. எனக்கு அன்று தூக்கம் போய்விட்டது. 2010-இல் ஈரோட்டில் அதே சொற்களை நானும் சொல்லியிருக்கிறேன்.

நோட்டைக் கிழிக்காதே, செல்போனை உடைக்காதே, அதிகாரியிடம் குரலை உயர்த்தாதே என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். இங்கே சொல்லும் பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் எண்கள்.

பிறகு மறுத்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட வைப்பது

ஈரோட்டுக் கதையைச் சொல்கிறேன். மஞ்சள் மண்டி வைத்திருந்தவர், அறுபதைத் தாண்டியவர், சர்க்கரை நோயாளி. சோதனையில் ஒரு நீள நோட்டு கிடைத்தது. அதில் ஒரு பக்கத்தில் பதினொரு வரிகள்: பெயரின் முதலெழுத்து, பக்கத்தில் 18.40, 22.15, 9.60 என்று எண்கள். கீழே கோடு போட்டு 162.35 என்று கூட்டல். இது என்ன என்று கேட்டார்கள். முதல் நாள் முழுக்க அவர் சரியாகத்தான் சொன்னார்: குவிண்டால் கணக்கு, விவசாயிகள் கிடங்கில் இறக்கி வைத்த மஞ்சள். இரண்டாம் நாள் பின்னிரவில் அதே கேள்வி 31-ஆம் கேள்வியாக மறுபடி வந்தது. லட்சம் என்று எழுதப்பட்ட பதிலுக்கு அவர் தலையாட்டினார். ஒரு கோடியே அறுபத்திரண்டு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் ரூபாய், கணக்கில் வராத வருமானம்.

காலையில் கணக்கு விளக்கம் கேட்க என்னை உள்ளே விட்டார்கள். அவர் என்னைப் பார்த்து, "சாமி, கையெழுத்துப் போடட்டுமா?" என்று மட்டும் கேட்டார். முகம் வெளிறிக் கிடந்தது. வீட்டில் பெண்கள் கலங்கி நின்றார்கள். "போடுங்கள் ஐயா, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். போட்டார்.

அந்தப் "பிறகு" பதினொரு மாதம் கழித்து வந்தது. வரி நிர்ணய விசாரணைக்கு நோட்டீஸ் வந்த பின்னர்தான் மறுப்புக் கடிதம் கொடுத்தேன். அதுவும் வெறும் கடிதம், பிரமாணப் பத்திரம்கூட இல்லை. "பதினொரு மாதம் ஏன் வாய் திறக்கவில்லை?" என்று அதிகாரி கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றுவரை இல்லை. முதல் மேல்முறையீட்டிலும் தோற்றோம். ஏழாவது ஆண்டில், தீர்ப்பாயத்தில், ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் எடைச்சீட்டுகளை நோட்டோடு ஒட்டிப் பார்த்தார்கள். 18.40 என்றால் 18 குவிண்டால் 40 கிலோ. சீட்டிலும் அதே எடை, அதே முதலெழுத்து. ஒன்பது வரிகள் பொருந்தின, அந்தத் தொகை நீங்கியது. அதற்குள் பாக்கிக்காக அவருடைய வங்கிக் கணக்கை முடக்கியிருந்தார்கள். பெருந்துறைச் சாலையில் மகளுக்கென்று வைத்திருந்த மனையை அவர் விற்றுவிட்டிருந்தார். அந்த எடைச்சீட்டுகள் சோதனை நடந்த அன்றும் மண்டியின் மேசை இழுப்பறையில்தான் கிடந்தன.

இதில் சட்டம் நமக்கு எதிராக இல்லை என்பதுதான் என் ஆத்திரம். ஒப்புதல் முக்கியமான சாட்சியம்தான், ஆனால் அதுவே முடிவானதல்ல, அது தவறு என்று காட்ட, ஒப்புதல் கொடுத்தவருக்கு உரிமை உண்டு என்று புல்லன்கோடு ரப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் எப்போதோ சொல்லிவிட்டது. சோதனையின்போது வருமானத்தை ஒப்புக்கொள்ள வைப்பதில் கவனம் செலுத்தாதீர்கள், ஆதாரம் திரட்டுங்கள் என்று மத்திய நேரடி வரிகள் வாரியமே 2003 மார்ச் 10-இல் தன் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியது. 2014 டிசம்பரில் மீண்டும் நினைவூட்டியது. நள்ளிரவு தாண்டி எடுத்த வாக்குமூலத்தை நம்பி வரி போட முடியாது என்று குஜராத் உயர் நீதிமன்றம் 2008-இல் சொன்னது. ஆனால் பிரிவு 132(4)-இன்படி வாங்குவது சத்தியப் பிரமாணத்தின் மீதான வாக்குமூலம். அதை உடைக்கும் பொறுப்பு கொடுத்தவர் தலையில் விழுகிறது. கழியும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பொறுப்பைக் கனமாக்குகிறது.

ஆகவே கட்சிக்காரரிடம் முன்கூட்டியே, அதாவது எந்தச் சோதனையும் இல்லாத ஒரு சாதாரண நாளில், சொல்லி வையுங்கள். தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்ல வேண்டும். பொய் சொன்னால் தண்டனை உண்டு. தெரியாததற்கு "கணக்கைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்பதும் முழுமையான பதில்தான். அதை அப்படியே எழுதச் சொல்ல வேண்டும். உடல்நிலை சரியில்லை என்றால் மருத்துவரை அழைக்கலாம். சோதனைக்கு உள்ளாவோரின் உரிமைகள் பட்டியலில் அது இருக்கிறது. வழக்கமான நேரத்தில் சாப்பிடும் உரிமையும் அதிலேயே இருக்கிறது. வாக்குமூலம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டால், தமிழில் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் தாளில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தவறு நடந்தே விட்டால், மறுப்பு சில நாட்களுக்குள் போக வேண்டும். எந்தக் கேள்வியின் எந்தப் பதில் தவறு, ஏன் அப்படிச் சொல்ல நேர்ந்தது, சரியான பதில் என்ன, அதற்கு எந்தக் காகிதம் ஆதாரம் என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதி, சோதனை நடத்திய அதிகாரியிடமே கொடுத்து, தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். "மிரட்டி வாங்கினார்கள்" என்ற ஒற்றை வரி எங்கும் நிற்காது. பதில் உண்மையாகவே சரியென்றால் மறுக்காதீர்கள். வரியைக் கட்டச் சொல்லுங்கள். திருப்பூர் தம்பியை மறுநாள் காலையில் நேரில் வரச்சொல்லி இதைத்தான் எழுத வைத்தேன். ஆறாம் நாள் ஒப்புகை வந்தது.

நகல் வாங்காமல் காத்திருப்பது

ஈரோட்டில் நான் தாமதித்ததற்கு இதுவும் ஒரு காரணம். நோட்டின் நகல் எட்டு மாதம் என் கையில் இல்லை, ஏனென்றால் நான் கேட்கவில்லை. கைப்பற்றிய ஏடுகளிலிருந்து நகலெடுக்கப் பிரிவு 132(9) உரிமை தருகிறது. பஞ்சநாமா, அதாவது சாட்சிகள் முன்னிலையில் எழுதும் சோதனைப் பதிவு, கையில் கிடைத்த வாரமே எழுத்தில் கேளுங்கள். கேட்டும் தராவிட்டால் அந்தக் கடிதமே பின்னால் உங்களுக்குத் துணை நிற்கும்.

சர்வே தீர்ப்பை ரெய்டுக்குக் காட்டுவது

133A சர்வேயில், அதாவது தொழில் நடக்கும் இடத்துக்கு வந்து கணக்கைச் சரிபார்ப்பதில், சத்தியப் பிரமாணம் வாங்க அதிகாரம் இல்லை. அந்த வாக்குமூலத்துக்கு மட்டும் தனியே சாட்சிய மதிப்பு கிடையாது. காதர் கான் சன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2012-இல் ஏற்றது. அதைத் தூக்கிக்கொண்டு 132 சோதனை வழக்கில், அதாவது ரெய்டு வழக்கில், போய் நிற்பவர்களை இன்னும் பார்க்கிறேன்.

சோதனைத் தேதியைப் பார்க்காமல் வாதாடுவது

2021 மார்ச் 31 வரை தொடங்கிய சோதனைக்குப் பிந்தைய வரி நிர்ணயம் பிரிவு 153A-இன்படி. அதில், முடிந்துபோன வரி நிர்ணயத்தைக் கிளறச் சோதனையில் கிடைத்த குற்றம் காட்டும் ஆவணம் வேண்டும் என்று 2023 ஏப்ரலில் அபிசார் பில்ட்வெல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அதன் பிறகு 2024 ஆகஸ்ட் வரை தொடங்கிய சோதனைக்கு, பழைய வரி நிர்ணயத்தை மறுபடி திறக்கும் பிரிவு 148 வழி. 2024 செப்டம்பர் 1 முதல் தொகுதி வரி நிர்ணயம், அதாவது பல ஆண்டுகளை ஒன்றாகச் சேர்த்து வரி போடும் முறை, திரும்பி வந்துவிட்டது: வெளிக்காட்டாத வருமானத்துக்கு 60 சதவீத வரி. நோட்டீஸ் வந்து 60 நாளுக்கு மிகாத கெடுவில் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். தாக்கல் செய்த படிவத்தைத் திருத்தவும் வழி கிடையாது. இந்தக் கடைசி விஷயம் தெரியாமல், "முதலில் போட்டுவிடுவோம், பிறகு திருத்துவோம்" என்று ஒருவர் கோவையில் என்னிடமே சொன்னார். மறுபடியும் அதே "பிறகு".

நகையை ஒரே குவியலாக எடை போட விடுவது

1994-ஆம் ஆண்டு அறிவுறுத்தலின்படி திருமணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100 கிராம் வரை கைப்பற்ற வேண்டியதில்லை. நம் பக்கத்துக் கணக்கில் அறுபத்திரண்டரை, முப்பத்தொன்றேகால், பன்னிரண்டரைப் பவுன். குடும்பத்தின் நிலை, வழக்கம் பார்த்து இதற்கு மேலும் விடலாம். மாமியார், மருமகள், மகள் நகைகளை ஒரே தட்டில் கொட்டி எடை போட்டுவிட்டால் இந்தக் கணக்கைப் பிறகு பிரித்துக் காட்டுவது பெரும்பாடு. ஆள்வாரியாக எடை எழுதச் சொல்லுங்கள்.

விற்பனைச் சரக்கைக் கைப்பற்ற விடுவது

சட்டப்படி அதைக் கைப்பற்ற முடியாது. பட்டியல் எடுக்கலாம், அவ்வளவுதான்.

பணத்தைத் திரும்பக் கேட்க மறப்பது

கைப்பற்றிய மாதம் முடிந்து 30 நாளுக்குள் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். பிரிவு 132B.

அடுத்தவர் வாக்குமூலத்தை வாயால் மட்டும் எதிர்ப்பது

கரூரில் எங்கோ ஒருவர் "இவருக்கு ரொக்கமாகக் கொடுத்தேன்" என்று சொல்லியிருப்பார். அதை வைத்து உங்கள் கட்சிக்காரருக்கு வரி போடுவார்கள். காட்டாத ஆதாரத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பது 1980-இல் கிஷிஞ்சந்த் சேலாராம் வழக்கிலேயே முடிவானது. குறுக்கு விசாரணைக்கு இடம் தராமல் சாட்சியின் வாக்குமூலத்தையே அடிப்படையாக்கினால் உத்தரவு செல்லாது என்று 2015-இல் அந்தமான் டிம்பர் வழக்கு சொன்னது. ஆனால் அங்கே குறுக்கு விசாரணையைக் கேட்டிருந்தார்கள். நம்மவர்கள் விசாரணை அறையில் வாயால் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். கோப்பில் ஒரு வரி இருக்காது. முதலில் வாக்குமூலத்தின் முழு நகலைக் கேட்டு ஒரு கடிதம். நகல் வந்ததும், எந்தப் பத்தியின் மேல் அவரைக் கேள்வி கேட்க வேண்டும் என்று குறிப்பிட்டு இன்னொரு கடிதம். இரண்டுக்கும் ஒப்புகை. உத்தரவு வருவதற்கு முந்தைய வாரம் வரை இழுக்காமல், முதல் விசாரணைத் தேதியிலேயே கொடுத்துவிடுங்கள்.