தாய்ப்பால் ஆய்வில் இறங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாய்ப்பால் ஊட்டுவதற்கு உதவும் திட்டங்களை ஆராய வருகிறவர்களின் கேள்வித்தாள்களும் வரைவுகளும் அடிக்கடி என் மேசைக்கு வருகின்றன. நர்சிங் மாணவர்கள், குழந்தை மருத்துவம் படிப்பவர்கள், பொதுச் சுகாதாரத் துறையில் வேலை பார்ப்பவர்கள் எனப் பலரும் அனுப்புகிறார்கள். யாருக்கும் ஆர்வத்தில் குறைவில்லை. ஆனால் ஆள் மாறினாலும் தவறு மாறுவதில்லை. எங்கள் தலைமுறை சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள்.

ஒப்புதல் படிவம், மாதிரி அளவு, நெறிமுறைக் குழுவின் அனுமதி ஆகியவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை எல்லாப் பாடப்புத்தகங்களிலும் இருக்கின்றன. நீங்கள் மறந்தாலும் யாராவது நினைவூட்டிவிடுவார்கள். களவேலை முழுக்க முடிந்து, இனித் திருத்தவே முடியாது என்ற நிலையில் தலைகாட்டும் தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

“தாய்ப்பால் மட்டும்”: எத்தனை நாளுக்கு?

இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். அதனால் இதைச் சற்று நீட்டியே சொல்கிறேன்.

கேள்வித்தாளில் ஒரே ஒரு வரி இருக்கும்: “குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் கொடுக்கிறீர்களா? ஆம் / இல்லை.” இதை நம்பி நூற்றுக்கணக்கான தாய்மார்களைத் தேடிப்போய்ப் பார்த்து, கடைசியில் “உதவி பெற்ற குழுவில் இத்தனை சதவீதம்” என்று அட்டவணை போடுகிறார்கள். அந்தச் சதவீதம் நேற்றைய ஒரு நாளைப் பற்றியதா, போன வாரத்தைப் பற்றியதா, பிறந்ததிலிருந்து இன்றுவரை முழுக்காலத்தைப் பற்றியதா? கேட்டவரும் யோசிக்கவில்லை, பதில் சொன்னவரும் யோசிக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் வகுத்த அளவுகோல் முந்தைய நாளை மட்டும் பார்க்கிறது. ஆறு மாதம் நிறையாத குழந்தைகளில் நேற்று தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் குடிக்காதவர்கள், சாப்பிடாதவர்கள் எத்தனை பேர் என்பதுதான் அதன் கேள்வி. மருந்து, வைட்டமின் சொட்டு, உப்பு-சர்க்கரைக் கரைசல் ஆகியவை இதைக் கெடுக்காது. வெறும் தண்ணீர் கெடுக்கும். பெரிய கணக்கெடுப்புகளில் நாடுகளை ஒப்பிட இந்த அளவுகோல் நன்றாகவே உதவுகிறது. பிறந்த இரண்டாம் நாள் புட்டிப்பால் குடித்து, போன வாரம் தண்ணீர் குடித்து, நேற்று மட்டும் தாய்ப்பால் குடித்த குழந்தையையும் இது “தாய்ப்பால் மட்டும்” பட்டியலில்தான் சேர்க்கும். கணக்கெடுப்புக்கு அது போதும். உங்கள் திட்டம் ஆறு மாதம் முழுக்கத் தாய்க்குக் கைகொடுத்ததா என்று காட்ட அது போதாது.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை 2000-இல் வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வு காட்டியது. தாய்மார்கள் தினமும் எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டு, அதே குழந்தைகளை, முந்தைய நாளை மட்டும் பார்த்தும் பிறந்ததிலிருந்து முழுக்காலத்தையும் பார்த்தும், இரண்டு விதமாகவும் கணக்கிட்டார்கள். இரண்டாம் மாதத்திலும் நான்காம் மாதத்திலும் இரு கணக்குகளுக்கும் இடையே 40 சதவீதப் புள்ளிகளுக்கு மேல் வித்தியாசம் வந்தது. பல உதவித் திட்டங்கள் தங்கள் வெற்றியாகச் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இதில் பாதிகூட இருக்காது.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. “ஆறு மாதத்துக்குட்பட்டவர்களில் இத்தனை சதவீதம்” என்பது பல வயதுக் குழந்தைகளின் சராசரி. அதை “இத்தனை சதவீதம் குழந்தைகள் ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள்” என்று எழுதுவது பிழை. வயது ஏற ஏற இந்த விகிதம் இறங்கும். ஒரு குழுவை இரண்டாம் மாதத்திலும் மற்றொன்றை நான்காம் மாதத்திலும் போய்ப் பார்த்தால், நீங்கள் அளப்பது குழந்தைகளின் வயதைத்தான்.

வீட்டுக்கே சென்று உதவும் திட்டம் ஒன்றை ஆராய்ந்த ஒரு மாணவி, களவேலையை முடித்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் சர்வதேச வரையறை அழகாக எழுதப்பட்டிருந்தது. பின்னிணைப்பில் இருந்ததோ அந்த ஒற்றை வரிக் கேள்வி. இரண்டையும் பக்கத்தில் வைத்து யாரும் பார்க்கவில்லை, வழிகாட்டியும்கூட. களக்குறிப்பேடுகளை வாங்கிப் புரட்டினேன். சில பக்கங்களின் ஓரத்தில் “ஆஸ்பத்திரியில் பவுடர் பால் கொடுத்தார்களாம்” என்று பென்சிலில் எழுதியிருந்தது. கேட்காமலே தாய்மார்கள் சொன்ன தகவல் அது. சொல்லாதவர்கள் கொடுக்கவில்லையா, அல்லது கேட்காததால் சொல்லவில்லையா? மறுபடி போய்க் கேட்கலாம் என்றால் அந்தக் குழந்தைகள் ஓடி விளையாடத் தொடங்கியிருந்தார்கள். அந்த முதல் நாட்களைத் துல்லியமாக யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். கடைசியில் ஆய்வின் முதன்மை முடிவையே “ஏதோ ஓரளவு தாய்ப்பால் கொடுத்தவர்கள்” என்று மாற்ற வேண்டியதாயிற்று. வெயிலில் அலைந்து திரட்டிய நல்ல உழைப்பு. ஒரு பக்கக் கேள்வித்தாளை இரண்டு நாள் கூடுதலாக யோசித்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம்.

அதனால் வகைப்படுத்தும் வேலையைத் தாயிடம் தள்ளாதீர்கள். தண்ணீர், பவுடர் பால், விலங்குப் பால், பழச்சாறு, கூழ், மருந்து என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எந்த வகையில் சேரும் என்பதை நீங்கள் பிறகு முடிவு செய்யுங்கள். தண்ணீர் கொடுத்ததைப் பல தாய்மார்கள் “வேறு ஒன்றும் கொடுக்கவில்லை” என்பதற்குள்தான் வைக்கிறார்கள். முதல் இரண்டு நாட்களுக்குத் தனிக் கேள்வி வையுங்கள். 2021-இல் புதுப்பித்த பட்டியலில் அதற்கென்றே ஓர் அளவுகோல் இருக்கிறது. பிற ஆய்வுகளோடு ஒப்பிட நேற்றைய கணக்கு, உங்கள் திட்டத்தை எடைபோடப் பிறந்ததிலிருந்தான கணக்கு என இரண்டும் வேண்டும். இரண்டாவதைக் குறுகிய இடைவெளிகளில் திரும்பத் திரும்பச் சென்று கேட்டால்தான் பெற முடியும்.

உதவி செய்தவரே வந்து “தாய்ப்பால் மட்டும்தானே?” என்று கேட்டால், அவர் மனம் நோகக்கூடாது என்றே தாய் தலையாட்டுவாள். கேட்பதற்கு வேறொருவரை அனுப்புங்கள். பணவசதி இருந்தால் ஒரு சிறு பகுதியினரிடமாவது டியூட்டீரியம் முறையைப் பயன்படுத்துங்கள். டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் கொண்ட நீரை, அதாவது கனநீரை, தாய் சிறிதளவு குடிப்பார். இரண்டு வாரங்களுக்கு இருவரின் உமிழ்நீரையும் சோதித்தால், குழந்தைக்குப் போன தாய்ப்பால் எவ்வளவு, பிற நீர் எவ்வளவு என்று தெரிந்துவிடும். வாய்மொழியாகச் சொன்னதைவிட “தாய்ப்பால் மட்டும்” குறைவாக இருப்பதை இந்த முறை பல இடங்களில் காட்டியிருக்கிறது.

எது முதலில் நடந்தது?

தாய்ப்பால் நின்ற குழந்தைகளுக்கு அதிகம் நோய் வந்தது என்று எழுதும் முன், தேதிகளைப் பாருங்கள். நோய்வாய்ப்பட்டதால் சப்ப முடியாமல் பால் நின்றிருக்கலாம். எடை ஏறவில்லை என்ற பயத்தில் புட்டிக்கு மாறியிருக்கலாம். இதோடு தாயின் படிப்பு, வருமானம், வேலைக்குத் திரும்பும் நாள், புகைப்பழக்கம் எல்லாம் இரு பக்கமும் கலந்து நிற்கும்.

இந்தச் சிக்கலைக் கடந்த பெரிய முயற்சி பெலாரஸில் நடந்த புரோபிட் ஆய்வு. 1996-97-இல் 17,046 தாய்-சேய் இணைகளைச் சேர்த்தார்கள். மருத்துவமனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியில் மட்டும் தாய்ப்பாலுக்கான உதவியைக் கூட்டினார்கள். மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டும் குடித்தவர்கள் உதவி கூட்டிய பக்கம் 43.3 சதவீதம், மறுபக்கம் 6.4 சதவீதம். முதல் ஆண்டில் குடல் தொற்று கண்டவர்கள் அதே வரிசையில் 9.1 சதவீதம், 13.2 சதவீதம். ஆனால் ஆறரை வயதில் உடல் பருமனில் பலன் தெரியவில்லை. வெறுமனே கவனித்துப் பார்த்த பல ஆய்வுகள் தாய்ப்பால் பருமனைக் குறைக்கிறது என்றே சொல்லியிருந்தன.

இதைத் “தாய்ப்பாலா, புட்டிப்பாலா” என்ற ஒப்பீடாக மேற்கோள் காட்டுகிறவர்கள் பலர். அது தவறு. அந்த ஆய்வில் சேர்ந்த எல்லாத் தாய்மார்களும் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கியவர்களே.

“ஆலோசனை வழங்கப்பட்டது”

யார் வழங்கினார்? எத்தனை முறை, எந்த நாளில், எவ்வளவு நேரம்? பக்கத்தில் உட்கார்ந்து குழந்தை மார்பைக் கவ்வுவதைப் பார்த்தாரா, துண்டறிக்கையைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாரா? இவை எழுதப்படாத கட்டுரையைப் படித்து யாராலும் அதே உதவியை வேறிடத்தில் செய்ய முடியாது.

நாள் மிக முக்கியம். சீம்பாலுக்குப் பின் பால் பெருகுவது பொதுவாக இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில். தலைப்பிரசவம், சிசேரியன், நீரிழிவு இருந்தால் தள்ளிப்போகலாம். “பால் போதவில்லை” என்ற கவலையும் முதல் புட்டியும் வருவது அந்த நாட்களில்தான். பத்தாம் நாள் தொடங்கும் திட்டம் அவற்றைத் தவறவிட்டுவிட்டது.

ஒப்பீட்டுக் குழுவுக்குக் கிடைத்ததையும் “வழக்கமான பராமரிப்பு” என்று இரண்டு சொல்லில் முடிக்காதீர்கள். 1991-இல் தொடங்கிய குழந்தை நேய மருத்துவமனைத் திட்டம், தாய்ப்பாலுக்கு உதவ மருத்துவமனைகள் செய்ய வேண்டியவற்றைப் பத்துப் படிகளாகச் சொல்கிறது. அவற்றைப் பின்பற்றும் இடத்தில், வழக்கமான பராமரிப்பே நல்ல உதவிதான். அங்கே உங்கள் திட்டம் கூடுதல் பலன் காட்டாவிட்டால் அதைத் தோல்வி என்று சொல்ல முடியாது.

ஒரே வார்டில் இரண்டு குழு

பக்கத்துக் கட்டில் தாய்மார்கள் பேசிக்கொள்வார்கள். ஒரு குழுவுக்குச் சொன்னது மற்றக் குழுவுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். வார்டு வார்டாகப் பிரியுங்கள், புள்ளியியலிலும் அப்படியே கணக்கிடுங்கள்.

பழைய வளர்ச்சி வரைபடம்

2006-இல் வந்த உலக சுகாதார நிறுவன வரைபடத்தை மட்டும் எடுங்கள். புட்டிப்பால் குழந்தைகளை அதிகம் கொண்ட பழைய வரைபடத்தில், நன்றாக வளரும் தாய்ப்பால் குழந்தையும் சில மாதங்களில் பின்தங்குவதுபோல் தெரியும்.

பால் பவுடர் நிறுவனத்தின் பணம்

வாங்காதீர்கள்.

தொடர்பு விட்டுப்போன தாய்மார்கள்

பாதியில் காணாமல் போகிறவர்களில், பால் கொடுப்பதை நிறுத்தியவர்கள் அதிகம் இருக்க வாய்ப்புண்டு. நிறுத்திவிட்டேன் என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சம். அவர்களைக் கழித்துவிட்டு மீதிப் பேரைக் கணக்கிட்டால் எந்தத் திட்டமும் ஜொலிக்கும். எனவே சேரும் நாளிலேயே சொல்லிவிடுங்கள்: “நிறுத்தினாலும் பரவாயில்லை அம்மா, அதையும் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.”

தாயை விட்டுவிடுதல்

தாய்-சேய் நலம் என்று தலைப்பு வைத்துவிட்டு, குழந்தையின் எடையையும் நோயையும் மட்டும் அளக்கிறார்கள். காம்பு வெடிப்பு, மார்பில் பால்கட்டு, தூக்கம், மனநிலை எதற்கும் இடமில்லை. தாய்க்குக் கிடைக்கும் பலனும் சிறியதல்ல. 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்து 2002-இல் வெளியான கணக்கில், பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் அபாயம் 4.3 சதவீதம் குறைந்தது.

மனநிலையையும் அளக்க முன்வருபவர்கள் பெரும்பாலும், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டுகொள்ள உதவும் எடின்பரோ அளவுகோலை எடுக்கிறார்கள். 1987-இல் வந்தது, கடந்த ஏழு நாட்களைப் பற்றிய 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மதிப்பெண் கூடினால் மருத்துவர் பார்க்க வேண்டும் என்றுதான் பொருள்; நோய் உறுதியாகிவிட்டது என்று எழுதக் கூடாது. பத்தாவது கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. தாள்களைக் கட்டிவைத்து, மாதக் கடைசியில் கணினியில் ஏற்றும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பூஜ்யத்தைத் தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், கேட்டவர் அங்கேயே பார்க்க வேண்டும். அன்றைக்கே யாரைக் கூப்பிடுவது, தாயுடன் யார் இருப்பது, எந்த மருத்துவரிடம் அனுப்புவது என்பதைத் தொலைபேசி எண்ணோடு எழுதிக் களப்பணியாளர் கையில் கொடுத்த பிறகு கேள்வித்தாளை அச்சுக்கு அனுப்புங்கள்.