பல் மருத்துவரிடம் போகும் முன் நாம் செய்யும் தவறுகள்

பல்லைக் காட்டப் போகிறோம் என்றால் நம்மில் பலர் செய்யும் முதல் காரியம், கிளம்புவதற்குச் சற்று முன்பு கண்ணாடி முன் நின்று பல்லை அழுத்தித் தேய்ப்பதுதான். அழுக்குப் பல்லோடு டாக்டர் முன் வாயைத் திறக்கக் கூச்சம். அந்தக் கூச்சம் நியாயமானதே என்றாலும், ஐந்து நிமிட முரட்டுத் தேய்ப்பில் பல்லில் ஆறு மாதமாகப் படிந்து இறுகிய காரை போய்விடாது. ஈறு மட்டும் புண்ணாகும். பரிசோதனையின்போது மருத்துவர், அளவுக்கோடுகள் போட்ட ஒரு மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் மெதுவாக விட்டு ஆழம் பார்ப்பார். நலமான ஈறில் அந்த ஆழம் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும். 4, 5 என்று ஏறினால் ஈறு பல்லைவிட்டு விலகத் தொடங்கியிருக்கலாம். கம்பி பட்டதும் இரத்தம் கசிகிறதா என்பதையும் அவர் கவனிப்பார். அன்று காலையில்தான் தேய்த்துக் கிழித்த ஈறு கசியும்போது, அந்தச் சோதனை சொல்ல வேண்டிய செய்தி குழம்பிவிடுகிறது. வழக்கம்போல் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக வாய் கொப்பளித்துவிட்டுப் போனால் போதும். இதற்கு நேர்மாறாக, இரத்தம் வரும் இடத்தைத் தொடாமலே வாரக்கணக்கில் விட்டுவைப்பவர்களும் உண்டு. அங்கே படிந்திருக்கும் அழுக்கால்தான் பெரும்பாலும் இரத்தமே வருகிறது என்பதால், தேய்க்காமல் விட விட ஈறு இன்னும் வீங்கத்தான் செய்யும்.

வாயைத் தயார்படுத்துவதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட, மருத்துவரிடம் சொல்ல வேண்டியவற்றைத் தயார்படுத்துவதில் நாம் காட்டுவதில்லை. நான் கண்ட வரையில் மிகப் பெரிய தவறு இதுதான். என் அப்பாவின் கடைவாய்ப் பல் ஆடிக்கொண்டிருந்தபோது நான்தான் அவரை அழைத்துப் போனேன். நாற்காலியில் சாய்ந்திருந்தவரிடம் மருத்துவர், “ஐயா, மாத்திரை ஏதாவது தொடர்ந்து சாப்பிடுறீங்களா?” என்று கேட்டார். “சர்க்கரைக்கு மட்டும்தாம்மா” என்றார் அப்பா. வாசலருகே உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்து, மஞ்சள் பையைத் துழாவி, பாதி தீர்ந்திருந்த ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். “ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இவருக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சாங்க டாக்டர். தினமும் ராத்திரி இது ஒண்ணு போட்டுக்கிறார்.” அட்டையின் பின்புறம் குளோபிடோக்ரெல் என்று அச்சிட்டிருந்தது, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. அப்பா பொய் சொல்லவில்லை. பல்லுக்கும் நெஞ்சுக்கும் தொடர்பு இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மருத்துவர் அன்று பல்லைத் தொடவில்லை. இதய மருத்துவரிடம் பேசிவிட்டு, மூன்று நாள் கழித்து, மாத்திரையை நிறுத்தாமலேயே பல்லை எடுத்தார். எடுத்த இடத்தில் தையல் போட்டு, பஞ்சை வைத்து அரை மணி நேரத்துக்கு மேல் கடித்திருக்கச் சொன்னார். இரத்தம் சற்று நேரம் கூடுதலாகக் கசிந்து நின்றது.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. பல் எடுக்கப் போகிறோம் என்று தாமாகவே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற மாத்திரைகளை நான்கைந்து நாள் முன்பே நிறுத்திவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் யாரோ அப்படிச் சொல்லியிருப்பார்கள். பல் எடுத்த குழியில் வரும் இரத்தத்தைப் பஞ்சாலும் தையலாலும் பெரும்பாலும் நிறுத்திவிடலாம். மாத்திரையை நிறுத்தியதால் ஸ்டென்ட்டுக்குள்ளோ மூளையின் இரத்தக் குழாயிலோ இரத்தம் கட்டியாய் உறைந்தால் உயிருக்கே ஆபத்து. நிறுத்துவதா தொடர்வதா என்பதை, அந்த மாத்திரையை எழுதிக்கொடுத்த மருத்துவரும் பல் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அண்மையில் எடுத்த சீட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு முறை விழுங்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரையையும், ஆண்டுக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமில ஊசியையும் நம் வீட்டுப் பெண்கள் பெரும்பாலும் சொல்வதே இல்லை. தினமும் போடாத மருந்து கணக்கில் வராமல் போய்விடுகிறது. இம்மருந்துகளை எடுத்துக்கொள்பவர்களில் சிலருக்கு, பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் பட்டுப்போவது உண்டு. அது அரிது என்றாலும் வந்துவிட்டால் குணப்படுத்துவது கடினம் என்பதால், முன்கூட்டியே தெரிந்திருந்தால் மருத்துவர் வேறு வழியை யோசிக்க முடியும். செயற்கை இதய வால்வு பொருத்தியவர்களுக்குக் காரை எடுப்பதற்கும் பல் பிடுங்குவதற்கும் முன்பே நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்து தேவைப்படும். அதுவும் சொன்னால்தான் தெரியும். கர்ப்பிணிகளும், மரத்துப்போகும் ஊசியோ வேறு மருந்தோ ஒரு முறை ஒத்துக்கொள்ளாமல் போனவர்களும் கேட்கும் வரை காத்திராமல் சொல்லிவிடுவது நல்லது. பெயர்கள் நினைவில் நிற்காது என்பதால் மாத்திரை அட்டைகளையே ஒரு பையில் போட்டுக் கொண்டுபோவதுதான் எளிது.

வெறும் வயிற்றோடு போவது மற்றொரு தவறு. இரத்தப் பரிசோதனைக்குப் போய்ப் பழகிய பழக்கம் இது. சாதாரணப் பரிசோதனைக்கும், காரை எடுப்பதற்கும், மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்யும் சிகிச்சைக்கும் பட்டினி தேவையில்லை. முழு மயக்கம் கொடுக்கப் போகிறார்கள் என்றால் மட்டுமே உண்ணாமல் வரும்படி அவர்களே சொல்வார்கள். சர்க்கரை நோயாளி ஒருவர் காலை மாத்திரையையோ இன்சுலினையோ போட்டுக்கொண்டு, இட்லியைத் தவிர்த்துவிட்டு, வரிசையில் இரண்டு மணி நேரம் காத்திருந்தால், நாற்காலியில் ஏறும் முன்பே வியர்த்து, கை நடுங்கி, சர்க்கரை இறங்கிவிடலாம். சாப்பிட வேண்டியதைச் சாப்பிட்டு, பிரஷர் மாத்திரையையும் வழக்கம்போல் போட்டுக்கொண்டு போக வேண்டும். பயத்தில் ஏற்கெனவே ஏறியிருக்கும் இரத்த அழுத்தம், மாத்திரையும் இல்லாமல் 180/110-ஐத் தாண்டினால், அவசரமில்லாத சிகிச்சையை அன்று தள்ளிப்போடத்தான் செய்வார்கள்.

வலியோடு போகிறவர்கள் செய்யும் தவறு வேறு வகை. முந்தைய இரவில் வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக்கில் இரண்டை விழுங்குவது, கிராம்புத் தைலத்தை ஈறில் தாராளமாகத் தடவுவது, ஆஸ்பிரினைப் பொடித்துச் சொத்தையில் அடைப்பது எல்லாம் வலியைச் சற்று மழுங்கச் செய்யலாம். ஆனால் தைலமும் ஆஸ்பிரினும் ஈறை வெந்துபோகச் செய்யும். எந்தப் பல் என்று மருத்துவர் தட்டிப் பார்க்கும்போது நமக்கே சொல்லத் தெரியாமல் போவதும் உண்டு. தாங்க முடியாமல் ஏதாவது போட்டிருந்தால், பெயரையும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். வலியின் குணத்தையும் கவனித்து வையுங்கள். குளிர்ந்த நீர் பட்டதும் சுரீரென்று வந்து சில நொடிகளில் மறையும் வலி ஒன்று. சூடான காபி குடித்த பின் நிமிடக்கணக்கில் நின்று, நள்ளிரவில் எழுப்பிவிடும் வலி வேறொன்று. இரண்டாவது வகை பல்லின் உள்ளிருக்கும் நரம்பு வரை பாதிப்பு போயிருப்பதைக் காட்டக்கூடும். வலி நின்றுவிட்டது என்று, மருத்துவரைப் பார்க்கக் குறித்திருந்த நாளையே ரத்து செய்வது இவை எல்லாவற்றிலும் மோசம். நரம்பு செத்துப்போனாலும் வலி நிற்கும். வேரின் நுனியில் சீழ் கோத்துக்கொண்டுதான் இருக்கும்.

புகையிலையும் பாக்கும் போடுவதை மறைப்பவர்களைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. திட்டுவார்களோ என்ற பயத்தில் மறைக்கிறார்கள். வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. தொடர்ந்து பாக்கு மெல்பவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் நார் நாராக இறுகி, வாய் திறக்கும் அளவு சிறுகச் சிறுகக் குறையும். மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் நுழைக்க முடியவில்லை என்றாலோ, காரம் பட்டதும் வாயெல்லாம் எரிந்தாலோ, இரண்டு வாரமாகியும் ஒரு புண் ஆறவில்லை என்றாலோ, கேட்காமலே சொல்ல வேண்டும்.

பல்லில் பழுப்புக் கறை இருப்பவர்கள் உப்பும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்துவிட்டு வருவதும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் பிறந்து வளர்ந்த பலருக்கு, நிலத்தடி நீரில் மிகுந்திருந்த ஃபுளோரைடு காரணமாக, பல் உருவாகும் வயதிலேயே எனாமலுக்குள் படிந்த கறை அது. தேய்த்தால் எனாமல்தான் தேயும். எந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தீர்கள் என்று சொல்வதே மருத்துவருக்குப் பேருதவி.

குழந்தைகளிடம், “சேட்டை பண்ணினா பல் டாக்டர் ஊசி போட்டுடுவாங்க” என்று மிரட்டி வைத்துவிட்டு, பிறகு அதே டாக்டரிடம் வாயைத் திற என்றால் எப்படித் திறக்கும்? முதல் பல் முளைத்ததும், அதிகம் போனால் முதல் பிறந்தநாளுக்குள், ஒரு முறை காட்டிவிடுவது நல்லது. ஆறு வயதையொட்டி, பால் பற்களுக்குப் பின்னால் எந்தப் பல்லும் விழாமலேயே முளைக்கும் கடைவாய்ப் பல், விழுந்து முளைக்கும் பால் பல் அன்று. ஆயுளுக்கும் இருக்க வேண்டியது. “எப்படியும் விழுந்துடும்” என்று விட்டு, அதில் சொத்தை ஆழமான பிறகு அழைத்து வருபவர்கள் ஏராளம்.

காரை எடுத்தால் பல் ஆடிவிடும் என்பதும், எக்ஸ்-ரே எடுக்கவே கூடாது என்பதும் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு வாதாடுவதற்கான விஷயங்கள் அல்ல. சந்தேகம் இருந்தால் முன்பே கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். பல்லிடுக்கில் அடைந்திருந்த காரை போனதும் இடைவெளி தெரிவதும், சில நாள் கூச்சம் இருப்பதும் உண்மை. பல்லை ஆட வைத்தது அந்தக் காரைக்குக் கீழே கரைந்துபோன எலும்பு. ஒரு பல்லுக்கு எடுக்கும் சிறிய எக்ஸ்-ரேயின் கதிர்வீச்சு, இயற்கையாகவே ஒரு நாளில் நம்மீது படும் அளவை ஒட்டியதே. இரண்டு பற்கள் ஒட்டியிருக்கும் இடத்தில் தொடங்கும் சொத்தையை அதில்தான் காண முடியும். பழைய எக்ஸ்-ரே இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். சொத்தை வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

பல் செட் அணியும் பெரியவர்கள், பரிசோதனைதானே என்று அதை வீட்டில் டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். செட் எங்கே அழுத்துகிறது, எந்த ஓரம் ஈறைக் கிழிக்கிறது என்பதெல்லாம் அதை மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதைப் போட்டுக்கொண்டே போகட்டும். வலித்தால் ஈரத் துணியில் சுற்றி, மூடி போட்ட சின்ன டப்பாவில் வைத்துக் கையோடு எடுத்துப் போகட்டும்.