எண்ட் டாஸ்க் கொடுத்தும் திரும்பி வருகிறதா? பின்னணிப் புரோகிராம்களை நிறுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினி மெதுவாகிவிட்டது என்று டாஸ்க் மேனேஜரைத் திறந்து, தெரியாத பெயர் ஒன்றைப் பார்த்து எண்ட் டாஸ்க் கொடுப்பார்கள். மறுநாள் அதே பெயர் அதே இடத்தில் இருக்கும். சிலசமயம் அரை நிமிடத்திலேயே திரும்பிவிடும். எண்ட் டாஸ்க், அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருப்பதை மட்டும்தான் நிறுத்தும். அதைத் தொடங்கிவைத்தது எதுவோ, அது அப்படியேதான் இருக்கிறது. விண்டோஸ் 10, 11 கணினிகளில் நடக்கும் தவறுகளில் பாதி இந்தக் குழப்பத்தில் பிறந்தவை.

ஒரு புரோகிராம் தானாகத் தொடங்குவதற்கு முக்கியமாக நான்கு வழிகள் உண்டு: ரெஜிஸ்ட்ரியின் (விண்டோஸின் அமைப்பு விவரங்கள் சேமிக்கப்படும் இடம்) ‘ரன்’ பகுதி, ஸ்டார்ட்அப் ஃபோல்டர், சர்வீஸ் (ஜன்னல் எதுவும் காட்டாமல் பின்னணியில் ஓடும் புரோகிராம்), டாஸ்க் ஷெட்யூலர் (குறித்த நேரத்தில் புரோகிராம்களைத் தொடங்கும் விண்டோஸ் கருவி). கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தித் திறக்கும் டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் முதல் இரண்டும்தான் தெரியும். அங்கே டிஸேபிள் செய்தும் ஒன்று வந்துகொண்டே இருந்தால், மற்ற இரண்டு இடங்களில் தேடுங்கள். குறிப்பாக, தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் அப்டேட்டர்கள் டாஸ்க் ஷெட்யூலரில்தான் குடியிருக்கும். பிரவுசரின் அப்டேட்டரை மட்டும் விட்டுவிடுங்கள். அதை நிறுத்தி மிச்சமாகும் வேகம் அற்பம். பாதுகாப்புத் திருத்தங்கள் வராமல் போவது பெரிய நஷ்டம்.

‘ஹை’ என்று போட்டிருப்பதெல்லாம் எதிரி அல்ல

ஸ்டார்ட்அப் பட்டியலில் ‘ஸ்டார்ட்அப் இம்பாக்ட்’ என்றொரு பத்தி (நெடுவரிசை) இருக்கும். கணினி தொடங்கும்போது ஒரு விநாடிக்கு மேல் சிபியு நேரமோ, 3 எம்பிக்கு மேல் டிஸ்க் வேலையோ எடுத்துக்கொண்டால் அதற்கு ‘ஹை’ என்று பெயர். அளவுகோல் அவ்வளவுதான். தொடங்கிய பிறகு அந்தப் புரோகிராம் என்ன செய்கிறது என்பதைப் பற்றி அந்தப் பத்தி எதுவும் சொல்லாது. ‘ஹை’ என்று இருப்பது அதற்குப் பிறகு நாள் முழுவதும் சும்மா கிடக்கலாம். ‘லோ’ என்று இருப்பது பத்து நிமிடம் கழித்து டிஸ்க்கைப் போட்டு உருட்டலாம். கணினி தொடங்கி ஐந்து பத்து நிமிடம் போகட்டும், பிறகு பிராசஸஸ் பக்கத்தில் சிபியு, டிஸ்க் பத்திகளின் தலைப்பைச் சொடுக்கி வரிசைப்படுத்திப் பாருங்கள். உண்மையான குற்றவாளி அங்கேதான் தெரியும்.

கேம் லாஞ்சர்கள், அரட்டைச் செயலிகள், பாட்டுப் பிளேயர்கள், பிரிண்டர் கம்பெனி சேர்த்துத் தரும் உதவிப் புரோகிராம்கள் ஆகியவற்றை ஸ்டார்ட்அப்பிலிருந்து தாராளமாக எடுக்கலாம். தேவைப்படும்போது திறந்தால் ஓடப்போகின்றன. ஆனால் டச்பேட், ஆடியோ தொடர்பானவற்றைத் தொடாதீர்கள். என்எச்எம் ரைட்டர், அழகி, இ-கலப்பை போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களும் பின்னணியில் இருந்தால்தான் வேலை செய்யும். முன்பின் தெரியாத பெயராக இருக்கிறதே என்று அதை டிஸேபிள் செய்துவிட்டு, மறுநாள் தமிழ் வரவில்லை என்று கீபோர்டின் மீது பழிபோடுவது அடிக்கடி நடக்கிறது.

ஷட் டவுன் செய்துவிட்டுச் சோதிப்பது

விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி பல கணினிகளில் முதலிலிருந்தே ஆன் ஆகியிருக்கும். அது இருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் சிஸ்டத்தின் மையப்பகுதியும் டிரைவர்களும் சர்வீஸ்களும் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் எழுதி வைக்கப்படும். மறுபடி பவர் பட்டனை அழுத்தும்போது அதே நிலை திரும்ப ஏற்றப்படும். ஒரு சர்வீஸை மாற்றிவிட்டு ஷட் டவுன் செய்து திறந்து பார்த்தால், பழைய நிலைதான் தெரியும். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவுக்குக் கீழே ‘அப் டைம்’ பல நாள் காட்டுவதும் இதனால்தான். எதை மாற்றினாலும் ரீஸ்டார்ட் கொடுத்துச் சோதியுங்கள். ரீஸ்டார்ட் எப்போதும் முழுமையானது. முழு ஷட் டவுன் வேண்டுமென்றால், ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைச் சொடுக்க வேண்டும்.

ஸ்டார்ட்அப் பட்டியலில் இல்லாத செயலிகளும் தாமாகத் திறந்துகொண்டால், செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதற்குள் சைன்-இன் ஆப்ஷன்ஸ் போய்ப் பாருங்கள். முன்பு திறந்திருந்த செயலிகளை நினைவில் வைத்து மறுபடி திறக்கும் சுவிட்ச் ஒன்று அங்கே இருக்கும்.

பிரவுசரும் அப்படித்தான். ஜன்னலை மூடிவிட்டால் குரோம் நின்றுவிட்டது என்று பொருளல்ல. குரோமின் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியிலும், எட்ஜில் சிஸ்டம் அண்ட் பெர்ஃபார்மன்ஸ் பகுதியிலும், மூடிய பிறகும் பின்னணியில் தொடர அனுமதிக்கும் சுவிட்ச் உண்டு. எட்ஜில் கூடுதலாக ‘ஸ்டார்ட்அப் பூஸ்ட்’ என்பதையும் அணைக்க வேண்டும்.

விண்டோஸ் 10-இல் பிரைவசிக்குக் கீழே இருக்கும் ‘பேக்ரவுண்ட் ஆப்ஸ்’ சுவிட்சை அணைத்ததும் எல்லாம் நின்றுவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. அது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வகைச் செயலிகளை மட்டுமே கட்டுப்படுத்தும். நீங்களே இறக்கி நிறுவிய சாதாரணப் புரோகிராம்கள் அந்தச் சுவிட்சைக் கண்டுகொள்ளாது.

சர்வீஸ்களில் கைவைக்கும்போது

அதிகச் சேதம் இங்கேதான். எம்எஸ்கான்ஃபிக் (விண்டோஸின் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் கருவி) திறந்து, சர்வீஸஸ் பக்கத்தில் ‘டிஸேபிள் ஆல்’ அழுத்திவிடுவார்கள். ரீஸ்டார்ட் ஆனதும் வைஃபை இருக்காது, சத்தம் இருக்காது. சிலருக்கு பின் நம்பர் கொடுத்து உள்ளே நுழையவே முடியாது. முதலில் ‘ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீஸஸ்’ என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். மிஞ்சுவது வெளிக் கம்பெனிகளின் சர்வீஸ்கள். அவற்றில் மட்டும் தேர்ந்தெடுத்து எடுங்கள். அவற்றிலும் கைரேகை, ஆன்ட்டிவைரஸ் தொடர்பானவற்றை விட்டுவிடுங்கள்.

‘இந்தச் சர்வீஸ்களையெல்லாம் நிறுத்தினால் கணினி பறக்கும்’ என்று சுற்றும் பட்டியல்களை நம்ப வேண்டாம். பிரிண்டர் இல்லையே என்று பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தினால், பிடிஎஃப் ஆகப் பிரிண்ட் எடுக்கும் வசதியும் சேர்ந்து போய்விடும், ஏனென்றால் அதுவும் ஸ்பூலர் வழியாகத்தான் போகிறது. தொடுதிரை இல்லாத கணினிக்கு எதற்கு என்று விண்டோஸ் 10-இல் டச் கீபோர்டு சர்வீஸை டிஸேபிள் செய்தவர்கள், ஸ்டார்ட் மெனுவின் தேடல் பெட்டியில் ஓர் எழுத்துகூட அடிக்க முடியாமல் திணறியிருக்கிறார்கள். பெயரை வைத்து வேலையை ஊகிப்பது இங்கே செல்லாது.

நிறுத்தியே ஆக வேண்டும் என்றால், விண்டோஸின் சர்வீஸஸ் ஜன்னலில் அந்தச் சர்வீஸின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து ஸ்டார்ட்அப் டைப்பை ‘மேனுவல்’ ஆக்குங்கள். வேறொன்று கேட்கும்போது அது எழுந்துகொள்ளும். ‘டிஸேபிள்டு’ என்றால் யார் கேட்டாலும் எழாது. கேட்ட புரோகிராம் 1058 என்ற எண்ணுடன் பிழை காட்டும். அங்கேயே ‘டிபெண்டன்சீஸ்’ பக்கத்தில், இதை நம்பி எவையெல்லாம் ஓடுகின்றன என்ற பட்டியல் இருக்கும். அதைப் பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள். டைப்பை மாற்றினால் மட்டும் ஓடும் சர்வீஸ் நிற்காது. ‘ஸ்டாப்’ பட்டனையும் அழுத்த வேண்டும். பழைய டைப் என்னவாக இருந்தது என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓரிரு நாள் பயன்படுத்திப் பாருங்கள். பத்தை ஒரே நாளில் மாற்றினால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

எம்எஸ்கான்ஃபிக்கின் பூட் பக்கத்தில் பிராசஸர்களின் எண்ணிக்கை, அதிகபட்ச மெமரி என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். டிக் போட்டால் வேகம் கூடும் என்று சொல்வது கட்டுக்கதை. டிக் இல்லாதபோதே விண்டோஸ் எல்லாவற்றையும் பயன்படுத்துகிறது. டிக் வரம்பு வைக்கத்தான்.

பெயரைப் பார்த்துப் பயப்படுவது

‘எஸ்விசி ஹோஸ்ட்’ என்ற பெயர் பட்டியலில் வரிசையாக நிற்பதைப் பார்த்து வைரஸ் என்று அலறுகிறார்கள். அது சர்வீஸ்களைச் சுமந்து ஓடும் விண்டோஸின் சொந்தப் புரோகிராம். 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ரேம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சர்வீஸ்களுக்குத் தனித்தனி எஸ்விசி ஹோஸ்ட் ஓடுகிறது. ஆகவே எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், இருப்பிடத்தைப் பாருங்கள். ரைட் கிளிக் செய்து ‘ஓப்பன் ஃபைல் லொக்கேஷன்’ கொடுத்தால், விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32 திறக்க வேண்டும். டவுன்லோட்ஸோ டெம்ப் ஃபோல்டரோ திறந்தால் சந்தேகம் நியாயமானது. அப்போது ஸ்டார்ட்அப்பில் டிஸேபிள் செய்வது மருந்தாகாது. விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, ஏறக்குறைய கால் மணி நேரம் எடுக்கும். திறந்திருக்கும் வேலைகளை முன்பே சேமித்துவிடுங்கள்.

ரேம் பூஸ்டர், ரெஜிஸ்ட்ரி கிளீனர் எதுவும் வேண்டாம். ரேம் பூஸ்டர், புரோகிராம்களின் நினைவைப் பலவந்தமாக டிஸ்க்குக்குத் தள்ளி எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டும். அந்தப் புரோகிராமை மறுபடி தொட்டதும் எல்லாம் டிஸ்க்கிலிருந்து திரும்பி வர வேண்டும். இருந்த வேகமும் போகும். பின்னணியில் ஓடும் பட்டியலில் இன்னொன்றும் கூடும்.

ஒன்டிரைவை எடுக்கும் முன்

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்கள் மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவுக்குள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். ஃபைலின் அருகே மேகக் குறி இருந்தால் அது உங்கள் கணினியில் இல்லை. ஒன்டிரைவ் ஓடாதபோது திறக்காது. அத்தகைய ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து ‘ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்’ கொடுத்து, எல்லாம் பச்சைக் குறியாக மாறிய பிறகு நிறுத்துங்கள்.

எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்றே பிடிபடாதவற்றுக்கு, தானாகத் தொடங்குபவற்றையெல்லாம் பட்டியலிடும் ஆட்டோரன்ஸ் என்ற கருவி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் கருவித் தொகுப்பைச் சேர்ந்தது, மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே இலவசம். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஆப்ஷன்ஸில் மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைத்துவிட்டுப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் இருப்பவை ஃபைல் இல்லாமல் மிஞ்சிய பழைய பதிவுகள். வேண்டாததன் டிக்கை எடுத்தால் போதும். டிலீட் கொடுத்தால், தவறு என்று தெரிந்தபின் திரும்பப் போட வழியில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் டிஸ்க் பத்தி 100 சதவீதத்திலேயே நிற்கிறது, கணினியில் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், பின்னணிப் புரோகிராம்களைத் துரத்துவதை விட்டுவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) வாங்கிப் போடுங்கள்.