இறையியல் புத்தகத்தை வாசித்து எடைபோடுவது எப்படி: நான் பின்பற்றும் முறை

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் வியாழக்கிழமை இரவு கூடும் எங்கள் வேதபாடக் குழுவில், இயேசுவின் சிலுவை மரணத்தைப் பற்றிய ஒரு புத்தகத்தை ஆறு வாரம் வாசித்தோம். கடைசி வாரம் ஓர் அக்கா கேட்டார்: "தம்பி, இவர் சொல்றது சரின்னு நமக்கு எப்படித் தெரியும்?" பக்கத்துக்குப் பத்து வசனம் இருக்கிறதே என்பதுதான் என்னிடம் இருந்த ஒரே பதில். அது போதாது என்று எனக்கே தெரிந்தது. அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேண்டியவை: பென்சில், ஒரு நோட்டு, இரண்டு தமிழ் வேதாகமங்கள் (பழைய மொழிபெயர்ப்பு ஒன்று, 1995இல் வந்த திருவிவிலியம் ஒன்று). ஹைலைட்டர் வேண்டாம். பிடித்த வரிக்கு நிறம் பூசத்தான் அது உதவும். இந்த வேலைக்கு ஓரத்தில் கேள்விக்குறி போட வேண்டும்.

படி 1: முன்னுரையும் பதிப்புப் பக்கமும்

ஆசிரியர் எந்தச் சபை மரபைச் சேர்ந்தவர், புத்தகம் முதலில் எந்த ஆண்டில், எந்த மொழியில் வந்தது? இவற்றை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். தமிழில் வந்த ஆண்டை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

படி 2: அவர் சொல்வதை மூன்று வரியில் எழுதுங்கள்

நீங்கள் எழுதியதை ஆசிரியரே பார்த்தாலும் "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படி எழுத வரும்வரை ஆதரவாகவோ எதிராகவோ ஒன்றும் எழுதாதீர்கள்.

படி 3: வசனங்களைத் திறந்து பாருங்கள்

எல்லாவற்றையும் பார்க்க நேரம் கிடைக்காது. வாதம் எந்த நான்கைந்து வசனத்தின்மேல் நிற்கிறதோ அவற்றை மட்டும், முன்னும் பின்னும் ஒரு அதிகாரம் சேர்த்து வாசியுங்கள்.

எங்கள் புத்தகம் ரோமர் 3:25ஐத் திரும்பத் திரும்பக் காட்டியது. பழைய மொழிபெயர்ப்பில் அங்கே "கிருபாதாரபலி" என்று இருக்கிறது, திருவிவிலியத்தில் "கழுவாய்". மூலத்தில் இருப்பது ஹிலாஸ்டேரியான் என்ற கிரேக்கச் சொல். இதே சொல் எபிரெயர் 9:5இலும் வருகிறது, ஆனால் அங்கே பழைய மொழிபெயர்ப்பு அதைக் "கிருபாசனம்" என்கிறது! பத்துக் கட்டளைகள் வைக்கப்பட்ட உடன்படிக்கைப் பெட்டியின் மூடி அது. கோபம் தணிவதா, பாவம் துடைக்கப்படுவதா, தேவன் மனிதரைச் சந்திக்கும் இடமா என்று இந்த ஒரு சொல்லை வைத்தே அறிஞர்கள் வாதாடியிருக்கிறார்கள். இப்படி ஒரு வாதம் இருப்பதையே சொல்லாமல் கடந்துபோகும் புத்தகத்தின் ஓரத்தில் கேள்விக்குறி போடுங்கள்.

படி 4: புத்தகம் யாரைப் பற்றிப் பேசுகிறதோ அவரை அவர் வாயாலேயே கேளுங்கள்

நான் இடறிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

"தேவன் நம்மேல் வைத்த தண்டனையைத் தம் குமாரன்மேல் இறக்கினார் என்று அன்செல்ம் போதித்தார்" என்று எங்கள் புத்தகம் சொன்னது. கேன்டர்பரி பேராயர் அன்செல்ம் 1098இல் எழுதி முடித்த 'கடவுள் ஏன் மனிதரானார்' என்ற நூலைப் பற்றிய பேச்சு அது. நானும் அதை அப்படியே நம்பிக் குழுவில் விளக்கினேன். பிறகு அடிக்குறிப்பைப் பார்த்தால், அது அன்செல்மின் நூலைக் காட்டவில்லை. வேறொரு இக்காலப் புத்தகத்தைக் காட்டியது.

சரி, மூலத்தையே பார்த்துவிடலாம் என்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்தேன். போசோ என்ற மாணவரோடு அவர் பேசுவதுபோல் அமைந்த சிறிய நூல் அது. எம்ஆர்டி ரயில் பயணத்திலேயே ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். முதல் பாகத்தின் 13ஆம் அதிகாரத்தில் அன்செல்ம் இரண்டு வழிகளைத்தான் வைக்கிறார்: தேவனிடமிருந்து பறிக்கப்பட்ட கனம் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் தண்டனை. அதாவது ஈடுசெய்தல் தண்டனைக்கு மாற்று. கிறிஸ்து தாம் கொடுக்கக் கடமைப்படாத மரணத்தைத் தாமே மனமுவந்து கொடுத்ததால் அந்த ஈடு நிறைவேறுகிறது என்பது அவர் வாதம். நம் தண்டனையையே கிறிஸ்து சுமந்தார் என்று வலுவாக எழுதியவர்கள் 16ஆம் நூற்றாண்டுப் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதிகள். கால்வின் அவர்களில் முக்கியமானவர்.

மறு வியாழக்கிழமை குழுவில் என் விளக்கத்தைத் திருத்திச் சொன்னேன். ஆனால் இதனால் அந்தப் புத்தகம் முழுவதும் தவறாகிவிடாது. "நமக்குச் சமாதானத்தை உண்டுபண்ணும் ஆக்கினை அவர்மேல் வந்தது" (ஆக்கினை என்றால் தண்டனை) என்ற ஏசாயா 53:5ஐ வைத்து அந்தப் புத்தகத்தின் ஆசிரியர் எழுதிய அதிகாரம் இன்றும் எனக்கு மிகவும் பிடித்தது. அதனால் மொத்தப் புத்தகத்துக்கும் ஒரே மதிப்பெண் போடாமல் அதிகாரம் அதிகாரமாக எடைபோடுங்கள்.

புத்தகங்களுக்கு விக்டோரியா ஸ்ட்ரீட்டில் இருக்கும் தேசிய நூலகம் என் முதல் தேர்வு. மேல்மாடிகளில் உள்ள லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்துப் புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, அங்கேயே உட்கார்ந்து குறிப்பெடுக்க வேண்டும். சொந்தமாக வேண்டுமென்றால் பக்கத்திலேயே பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் பழைய புத்தகக் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றுங்கள்.

பின்சேர்க்கை: கத்தோலிக்க வாசகர் ஒருவர், தாம் வாசிக்கும் புத்தகத்தின் சொற்களும் நான் எழுதும் சொற்களும் பொருந்தவில்லை என்று எழுதியிருந்தார். உண்மைதான். நான் கிருபை, விசுவாசம், இரட்சிப்பு என்கிறேன். அவர் அருள், நம்பிக்கை, மீட்பு என்கிறார். நான் நீதிமானாக்கப்படுதல் என்பதை அவர் கடவுளுக்கு ஏற்புடையவராதல் என்பார். நோட்டின் கடைசிப் பக்கத்தை இரண்டாகப் பிரித்து இந்தச் சொற்களை எதிரெதிரே எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கடைசிச் சொல்லைப் பற்றி லுத்தரன் சபைகளும் கத்தோலிக்கத் திருச்சபையும் 1999இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மெதடிஸ்டுகள் 2006இல் அதில் இணைந்தார்கள். எங்கள் குழு அடுத்து வாசிக்கப்போவது அந்த அறிக்கையைத்தான். அந்த வாசகரையும் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.